அடிப்படை ஆண்டு

ஜூன் 3

பெறுநர்: காலநிலைப் பிரிவுக் கண்காணிப்பாளர், நகராட்சி அலுவலகம்.

ஐயா / அம்மா,

நகரத்தின் புகையைக் குறைக்க நீங்கள் போட்டிருக்கும் திட்டத்தை நூலகத்தில் உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். வீட்டுக்குத் தரமாட்டோம் என்றதால் மூன்று மதியம் பிடித்தது. ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் தரலாம், ஏழு நாளில் எழுத்தில் பதில் வரும் என்று கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அதை நம்பி எழுதுகிறேன்.

நான் நீராவிச் சலவைக்கூடத்தில் பாய்லர் ஓட்டுகிறவன். பதினெட்டு வருஷமாகிறது. இந்த நகரத்தின் மூன்று மருத்துவமனைகளுக்கும் படுக்கை விரிப்பு வெளுப்பது நாங்கள்தான். திட்டத்தின் 64ஆம் பக்கத்தில், எங்கள் கூடம் அடிப்படை ஆண்டில் நானூறு டன் நிலக்கரி எரித்ததாகப் போட்டிருக்கிறீர்கள். அதில் நூற்றுக்கு நாற்பது குறைத்து இருநூற்று நாற்பதுக்கு வருவோம் என்று செப்டம்பருக்குள் எழுதித் தராவிட்டால் உரிமம் கிடையாதாம்.

சாதாரண வருஷத்தில் நாங்கள் எரிப்பது ஆயிரத்து இருநூறு டன். இதை மறைக்கவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. அந்தப் புகை முதலில் போவது என் நெஞ்சுக்குள்தான். நாற்பது குறை என்றால் குறைக்க வழி இருக்கிறது. கழுவிய சுடுநீரைச் சாக்கடையில் கொட்டாமல் அதன் சூட்டைத் திரும்ப எடுக்கலாம், குழாய்களுக்கு உறை போடலாம், பழைய பாய்லரை மாற்றலாம். எழுநூறு டன்னுக்கு வந்துவிடுவோம். இருநூற்று நாற்பதுக்கு வர வேண்டுமானால் நோயாளிகள் வெறும் கட்டிலில் படுக்க வேண்டும்.

நானூறு என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தெரிவிக்கவும்.

பாய்லர் ஆப்பரேட்டர்,
நீராவிச் சலவைக்கூடம்

*

ஜூன் 10

பொருள்: ஆட்சேபம் எண் 17

ஐயா,

தங்கள் கடிதம் பெறப்பட்டது. அடிப்படை ஆண்டு என்பது, குறைப்பை எந்த ஆண்டோடு ஒப்பிட்டு அளக்கிறோமோ அந்த ஆண்டைக் குறிக்கும். மின்சாரம், பேருந்து, குப்பை ஆகியவற்றின் பதிவுகள் முதன்முதலாக முழுமையாகக் கிடைத்தது ஆறு ஆண்டுகளுக்கு முன்பு என்பதால் அவ்வாண்டு தெரிவு செய்யப்பட்டது. நிலக்கரியின் அளவைத் தங்கள் நிறுவன அலுவலகமே தந்துள்ளது. எண்ணை மாற்ற முகாந்திரம் இல்லை.

கண்காணிப்பாளர்,
காலநிலைப் பிரிவு

*

ஜூன் 13

கண்காணிப்பாளர் அம்மாவுக்கு,

முகாந்திரம் இல்லை என்ற சொல்லைப் பாய்லர் அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இஸ்திரிப் பகுதிப் பெரியவர் அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். நல்ல சொல்தான் என்றார்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு என்று எழுதும்போது பேனா ஒரு நொடிகூட நிற்கவில்லையா? அந்த வருஷம் மார்ச் முதல் அக்டோபர் வரை எட்டு மாதம் நாங்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தோம். பாய்லர் சில்லிட்டுக் கிடந்தது. உங்கள் நானூறு டன் மீதி நாலு மாதத்தின் கரி. ஒருவன் பட்டினி கிடந்த வருஷத்தில் அவனை எடை போட்டு வைத்துக்கொண்டு, இதிலிருந்து இன்னும் இளைக்கச் சொல்லும் வைத்தியம் இது.

அந்த வருஷம் என்ன நடந்தது என்று உங்கள் அலுவலகத்தில் வேறு யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். கண்காணிப்பாளருக்குத் தெரியும். நாங்கள் உட்கார்ந்திருந்த கொட்டகைக்கு வந்த ஒரே தண்ணீர்க் குழாயை அடைக்கச் சொன்ன உத்தரவில் அவர் கையெழுத்து இருந்தது. அப்போது அவர் தண்ணீர்ப் பிரிவில் இருந்தார். அந்தக் கையெழுத்தை எனக்கு அடையாளம் சொல்ல ஆள் தேவைப்படவில்லை. என் பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போட்டு அதன்மேல் என் பெயரை எழுதித் தந்த கை அது.

இது மறந்து போட்ட எண்ணா, நினைத்துப் போட்ட எண்ணா? ஏழு நாள் இருக்கிறது.

ஆட்சேபம் எண் 17

*

ஜூன் 19

தம்பிக்கு,

அலுவலகத் தாளில் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு வரி தனியாக வரும். அது கோப்புக்கு. இதை வீட்டில் சமையலறை மேசையில் வைத்து எழுதுகிறேன்.

நீ கேட்ட இரண்டில் எதுவும் இல்லை. அந்த வருஷத்தை நினைக்காமல் இருப்பதற்கு நான் பழகிவிட்டேன். அலுவலகத்தில் யாராவது அந்த ஸ்டிரைக் பேச்சை எடுத்தால் தண்ணீர் குடிக்க எழுந்துவிடுவேன். வீட்டில் உன் அத்தானும் எடுப்பதில்லை. அப்படி ஆறு வருஷம் ஓடிய பிறகு, கணக்குப் போடும்போது அது எனக்கு வெறும் நாலு இலக்கமாகத்தான் தெரிந்தது. எல்லாப் பதிவும் ஒழுங்காக இருக்கிற வருஷம் என்று சந்தோஷப்பட்டேன். உன் முதலாளி அலுவலகத்திலிருந்து போனில் சொன்ன டன்னை எதிரே எழுதினேன். வேறு யார் இந்த நாற்காலியில் இருந்திருந்தாலும், அது நீங்கள் வேலைநிறுத்தம் செய்த வருஷமாயிற்றே என்று கேட்டிருப்பார்கள். நான்தான் கேட்கவில்லை. இதை நீ நம்புவாயா என்று தெரியவில்லை. எனக்கே நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

உன் முதல் கடிதத்தைப் பிரித்ததுமே உன் எழுத்து என்று தெரிந்துவிட்டது. நீ ‘ஐயா / அம்மா’ என்று போட்டிருந்தாய். நீ தெரியாதவன் மாதிரி எழுதினாய், நானும் தெரியாதவள் மாதிரி பதில் போட்டேன். வெறும் வீம்பு. அந்த வீம்பில் இன்னொரு காரியமும் செய்துவிட்டேன். அதைச் சொல்ல இன்றைக்குத் தைரியம் இல்லை.

உன் பாப்பாவுக்கு இப்போது எட்டு வயதிருக்குமா?

அக்கா

*

ஜூன் 23

அக்காவுக்கு,

நம்புகிறேன். நம்பாமல் இருப்பதுதான் எனக்குச் சௌகரியம், ஆனாலும் நம்புகிறேன். நீ பொய் சொன்னால் இவ்வளவு நீளமாக எழுதமாட்டாய்.

குழாயை அடைத்ததுகூடப் பெரிதில்லை. நாலு தெரு தள்ளிப்போய்க் குடத்தில் கொண்டுவந்தோம். மறுநாள் நீ வருவாய் என்று நினைத்தேன். ‘மேலே சொன்னாங்கடா, போட்டுட்டேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், மற்றவர்களிடம் நான் உனக்காகச் சண்டை போட்டிருப்பேன். நீ வரவில்லை. கொட்டகையில் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த எட்டு மாதத்தில் அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சரி, அது கிடக்கட்டும். இப்போது இங்கே நாற்பத்திரண்டு பேர் இருக்கிறோம். முதலாளிக்கு உன் எண்ணில் வருத்தமே இல்லை. தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊரில் அவருக்கு வேறொரு கூடம் இருக்கிறது. அங்கே பாய்லர் எங்களுடையதைவிடப் பழசு, கேட்க ஆளில்லை. இங்கே மூடிவிட்டு விரிப்புகளை லாரியில் அங்கே அனுப்பிவிடுவார். பழி உங்கள் நகராட்சிமேல். கூட ஒரு பத்துப் பேரை எடுத்துக்கொள்வாராம், மற்றவர்கள் வீட்டுக்கு. நானூறு என்று போனில் சொன்னவர்கள் ஏன் சொன்னார்கள் என்று இப்போது விளங்குகிறதா?

எண்ணைத் திருத்து அக்கா. நாங்கள் தப்பிக்கப் பார்க்கவில்லை. உண்மையான எண்ணிலிருந்து நாற்பது குறைக்கிறோம், மனதார.

பாப்பாவுக்கு எட்டு முடிந்துவிட்டது. நோட்டில் கோடு போடாமல் ஒரு எழுத்து எழுதமாட்டாள். யாரைக் கொண்டாளோ.

தம்பி

*

ஜூன் 28

தம்பிக்கு,

ஆணையரிடம் போனேன். உன்னைப் பற்றிச் சொல்லவில்லை. எண் தவறு என்று மட்டும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். “வருஷத்தை மாத்தினா மொத்தத் திட்டமும் திரும்ப மேல போகணும். திட்டத்துல வர்ற முப்பது மின்சார பஸ்ஸும் கைவிட்டுப் போயிடும். ஒரு பாய்லருக்காக ஊரையே நிறுத்தச் சொல்றீங்களா?” என்றார். அந்தப் பேருந்துகளுக்காக இரண்டு வருஷம் நாயாய் அலைந்தவள் நான். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற பள்ளியில் முப்பது குழந்தைகள் மூச்சு மருந்தோடு வகுப்புக்கு வருகிறார்கள். அவர்களைப் போய்ப் பார்த்துத்தான் இந்தத் திட்டத்தை எழுத ஆரம்பித்தேன். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். ஒவ்வொரு ஆட்சேபம் வந்ததும் அதன்மேல் ஒரு படிவம் வைத்து நான் கையெழுத்துப் போட வேண்டும். அதில், ஆட்சேபம் தெரிவித்தவருக்கும் அலுவலருக்கும் உள்ள உறவு என்று ஒரு வரி. உன் கடிதத்தின்மேல் வைத்த படிவத்தில் நான் ‘இல்லை’ என்று எழுதினேன்.

ஒரு நிமிஷக் கோபம். இனி எண்ணைத் திருத்தினால், உறவை மறைத்துத் தம்பிக்காகத் திருத்தினாள் என்பார்கள். எண் சரிதானா என்று யாரும் பார்க்கமாட்டார்கள். திருத்தாவிட்டால், அன்றைக்குத் தண்ணீரை அடைத்தவள் இன்றைக்கு நெருப்பையும் அணைத்தாள் என்று நீ சொல்வாய். நீ சொல்லாவிட்டாலும் நான் சொல்லிக்கொள்வேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான் இருக்கிறது.

அக்கா

*

ஜூலை 2

அக்காவுக்கு,

‘இல்லை’ என்று எழுதினாயா? படித்ததும் கடிதத்தைக் கசக்கி அடுப்பு வாய்க்குக் கொண்டுபோனேன். பிறகு பிரித்து நீவி மடித்து வைத்தேன். கேட்டவர்களிடமெல்லாம் எனக்கு அக்கா இல்லை என்று ஆறு வருஷமாக நானும்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். உனக்குப் படிவம் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

நேற்று முதலாளி அலுவலகத்து மேனேஜர் பாய்லர் அறைக்கு இறங்கி வந்தார். அவர் அங்கே வருவதே இல்லை, சட்டை அழுக்காகும். “கண்காணிப்பாளரம்மா உங்க கூடப்பொறந்தவங்களாமே, சொல்லவே இல்லையே” என்றார். சிரித்தபடிதான் சொன்னார். அந்தப் பத்துப் பேரில் என்னையும் சேர்த்திருப்பதாகவும் போகிற போக்கில் சொன்னார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதால் மீதியை அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுவதாக இன்று எழுதி உங்கள் தபால் கவுண்டரில் கொடுத்துவிட்டேன். கோப்பை மூடிவிடுவார்கள், உன் படிவத்தை யாரும் எடுத்துப் பார்க்கமாட்டார்கள். மற்றவர்களிடம் கேட்கவில்லை. கேட்டால் விடமாட்டார்கள். வேலைக்காக விலைபோனான் என்று நாளைக்குச் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. பாப்பாவை வைத்துக்கொண்டு இன்னொரு எட்டு மாதத்துக்கு என்னிடம் தெம்பில்லை.

மீதிப் பாதி நீ.

தம்பி

*

ஜூலை 3

தம்பிக்கு,

இன்று மதியம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆட்சேபம் எண் 17 தெரிவித்தவர் என் உடன்பிறந்த தம்பி, படிவத்தில் நான் எழுதியது பொய், நானூறு டன் என்பது வேலைநிறுத்தம் நடந்த ஆண்டின் அளவு, தவறு என்னுடையது. நாலு வரிதான். மூன்று தாள் கிழித்த பிறகு நாலாவதில் வந்தது. வேலை போகலாம். உன் அத்தானிடம் சொன்னேன். ஆறு வருஷத்துக்கு முன்னாடியே இதைச் செய்திருக்கலாம் என்றார். அது வேறு விஷயம் என்றேன். இல்லை என்றார்.

நீ உன் பிடியை விடாதே. என் குறிப்பு, உன் ஆட்சேபம், இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் விசாரணை வரும்.

அக்கா

*

ஜூலை 11

தம்பிக்கு,

உன் கடிதம் நாலாம் தேதி கைக்கு வந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆணையர் என்னைக் கூப்பிட்டு இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். உன்னுடையது இரண்டாம் தேதி, என்னுடையது மூன்றாம் தேதி. திரும்பப் பெற்ற ஆட்சேபத்துக்குக் கோப்பு கிடையாது, கோப்பு இல்லாத இடத்தில் குறிப்பு எதற்கு என்று என் தாளை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். “குடும்பத்துல ஆயிரம் இருக்கும். நான் பாக்கல, நீங்களும் எழுதல” என்றார். எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைக்கிறார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

உன்மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. யார் உன்னைக் கேட்டார்கள்? ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா? நீ எனக்காகச் செய்தாய், நான் உனக்காகச் செய்தேன், நடுவில் நாற்பத்திரண்டு பேர் போய்விட்டார்கள். முப்பத்திரண்டு என்று சொல்ல வேண்டுமோ.

அந்தத் தாள் என் கைப்பையில் இருக்கிறது. ஆணையரைத் தாண்டி மேல் அலுவலகத்துக்கு நானே அனுப்பலாம். தடை ஒன்றும் இல்லை.

அக்கா

*

நவம்பர் 14

தம்பிக்கு,

செப்டம்பர் கடைசி நாள் கூடத்தை மூடியபோது எதிர்ச் சாரியில் நின்று பார்த்தேன். நீ கதவைச் சாத்தினாய். இஸ்திரிப் பகுதிப் பெரியவர் உன்னோடு பேசாமல் போனதையும் பார்த்தேன். தெருவைத் தாண்டி வர எனக்குக் கால் வரவில்லை. முகவரி தெரிய ஆறு வாரமாகிவிட்டது.

நீ கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். தாளை அனுப்பவில்லை. இன்னும் பையில்தான் இருக்கிறது.

இப்போது ஒரு வழி வந்திருக்கிறது. திட்டத்தின் முதல் அறிக்கையை 26ஆம் தேதி மேலிடத்து ஆட்கள் முன்னால் வைத்து நான் கையெழுத்துப் போட வேண்டும். இதுவரை நகரம் காட்டுகிற ஒரே பெரிய குறைப்பு உங்கள் கூடம்தான். ஆயிரத்து இருநூறு டன் கரியை நிறுத்தவில்லை, நகராட்சி எல்லைக்கு வெளியே தள்ளியிருக்கிறோம், அதோடு ஒரு லாரியையும் சேர்த்திருக்கிறோம் என்று அந்த அறிக்கையிலேயே எழுதப் போகிறேன். அடிப்படை ஆண்டின் கதையையும் எழுதப் போகிறேன். எல்லோர் முன்னாலும் இருக்கும்போது மடித்துக் கையில் கொடுக்க முடியாது. இந்தத் தடவை நிச்சயம்.

அக்கா

*

நவம்பர் 20

அக்காவுக்கு,

எழுதாதே.

இங்கே ஒரு அறையில் நாங்கள் நாலு பேர் இருக்கிறோம். பாப்பாவும் அவள் அம்மாவும் பள்ளி வருஷம் முடிந்ததும்தான் வருவார்கள். இந்தப் பாய்லரைப் பார்த்தால் நீ மயக்கம் போட்டுவிடுவாய். இங்கே எரிப்பதில் பாதிச் சூடு சுவருக்குத்தான் போகிறது. தினமும் காலையில் லாரி வருகிறது, அதே மூன்று மருத்துவமனைகளின் முத்திரை குத்திய அதே விரிப்புகள். நாங்கள் வெளுத்த கறைகூடச் சிலதில் எனக்கு அடையாளம் தெரிகிறது. உன் ஊரில் குறைந்த புகை எங்கே போனது என்று யாராவது கேட்டால் என் சட்டையை முகர்ந்து பார்க்கச் சொல்லலாம்.

நீ நினைத்தபடி எழுதினால் என்ன ஆகும்? எல்லைக்கு வெளியே அனுப்பக் கூடாது என்று மருத்துவமனைகளுக்கு உத்தரவு போடுவார்கள். விரிப்பு நின்றால் இங்கே முதலில் வெளியே போவது புதிதாக வந்த பத்துப் பேர். அங்கே கூடத்தைத் திறக்கமாட்டார்கள், இயந்திரங்களைக் கழற்றியாகிவிட்டது. ஜூலையில் உண்மை சொல்லியிருந்தால் நாற்பத்திரண்டு பேருக்கு ஆகியிருக்கும். அதைக் கெடுத்தது நான், ஒத்துக்கொள்கிறேன். இப்போது சொன்னால் ஒருத்தருக்கும் ஆகாது, பத்துப் பேருக்குக் கெடுதல்.

உன்னை இப்படிக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. கேட்கிறேன். அவர்கள் எழுதியதை எழுதியபடியே வைத்துக் கையெழுத்துப் போட்டுவிடு.

தம்பி

*

நவம்பர் 27

தம்பிக்கு,

போட்டுவிட்டேன். நேற்றுக் காலை பத்தரை மணிக்கு. அறிக்கையில் சலவைக்கூடம் என்ற பெயருக்கு எதிரே ‘குறைப்பு: நூறு சதவீதம்’ என்று இருந்தது. ஆணையர் கைகுலுக்கினார், வந்தவர்கள் கைதட்டினார்கள், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. உன் பத்துப் பேருக்கு ஒன்றும் வராது. நிம்மதியாக இரு.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தம்பி சொல்லிவிட்டான், அதனால்தான் போட்டேன் என்று உன் அத்தானிடம் சொன்னேன். அவர் நம்பினார். நீயும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பாய்.

அறிக்கையின் இறுதிப் பிரதியைச் சனிக்கிழமையே தட்டச்சுக்குக் கொடுத்துவிட்டேன், உன் கடிதம் வருவதற்கு மூன்று நாள் முன்னால். அந்த நூறு சதவீதத்தை என் கையால்தான் எழுதிக் கொடுத்தேன். நான் எழுதப் போவதாகச் சொன்ன எதையும் எழுதவில்லை. நீ எழுதாதே என்று சொல்லாமல் இருந்திருந்தாலும் அதேதான் நடந்திருக்கும்.

இதை உனக்கு மட்டும் சொல்கிறேன்.

அக்கா